பென்குவினைத் தொலைநோக்கியில் பார்க்கவா இவ்வளவு செலவு?

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. மனைவிக்கு 63, போன ஆண்டு வலது முழங்காலை மாற்றி அறுவை சிகிச்சை செய்தோம். இருவருக்கும் அண்டார்டிகா போக ஆசை. "சின்னக் கப்பல் ஆடும், பாதுகாப்பில்லை. அம்மாவால் ரப்பர் படகில் ஏற முடியாது. பெரிய கப்பலில் போங்கள், விலையும் பாதி" என்கிறார் முகவர். கடைசி அறை என்று சொல்லி 2,000 வெள்ளி முன்பணமும் வாங்கிவிட்டார். சரியாகத்தான் செய்கிறோமா?

பதில்: ஐயா, கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கப்பலில் எத்தனை பயணிகள் என்பதைத் தவிர. முகவர் சொல்லியிருக்க மாட்டார். விலை பாதியானதற்குக் காரணமே அந்த எண்ணிக்கைதான்.

அண்டார்டிகாவுக்கு ஆள் கூட்டிப்போகும் நிறுவனங்கள் 1991இல் இயாட்டோ என்ற சங்கத்தை அமைத்தன. அதன் விதிப்படி, 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து ஒருவரும் கரையிறங்கக் கூடாது. மேல்தளத்தில் நின்று பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 500க்குள் இருந்தாலும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். நூறு பேர் வரும் கப்பல் என்றால் எல்லாரும் ஒன்றாகப் போகலாம். நானூறு பேர் என்றால் நாலு தவணை. மற்றவர்கள் முறை வரும்வரை ஜன்னலோரம் காப்பி குடிக்கலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு, முகவர்கள் குழப்புவதும் இங்கேதான். கணக்கில் வருவது கப்பலில் எத்தனை பேர் தங்க முடியும் என்பதல்ல, அந்தப் பயணத்தில் எத்தனை பயணிகள் ஏறுகிறார்கள் என்பதே. 530 பேர் தங்கக்கூடிய கப்பல், அண்டார்டிகாவுக்கு மட்டும் 500 பேரோடு நிறுத்திக்கொண்டால் கரையிறக்கலாம். மூவாயிரம் பேர் கப்பல் பாதி காலியாகப் போனாலும் இறக்க முடியாது. கப்பல் ஊழியர்கள் இந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். அதனால் விளம்பரத் தாளில் 530 என்று பார்த்ததும் ஒதுக்கவும் வேண்டாம், "பெரிய கப்பலும் இறக்கும்" என்று அவர் சொன்னால் நம்பவும் வேண்டாம். இந்தத் தேதியில், இந்தக் கப்பலில், அதிகபட்சம் எத்தனை பயணிகள் என்று கேளுங்கள்.

சின்னக் கப்பல் ஆடும் என்பது பொய்யில்லை. கப்பல் புறப்படும் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகம் உஷுவையா. அங்கிருந்து அண்டார்டிகாவுக்கு இடையில் இருக்கும் டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வாந்தி மாத்திரைக்கு உங்கள் டாக்டரைப் பாருங்கள். பாதுகாப்பில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 2007இல் எக்ஸ்ப்ளோரர் என்ற சின்னக் கப்பல் பனிக்கட்டியில் இடித்து மூழ்கியது, 154 பேரும் தப்பினார்கள். 2017 முதல் துருவக் கடலில் ஓடும் கப்பல்களுக்கென்றே தனிச் சர்வதேச விதிகள் நடப்பில் இருக்கின்றன.

இப்போது அம்மாவின் முழங்கால். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் படிகளை ஏறிக்காட்ட வேண்டியதில்லை. கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கி, ஆடிக்கொண்டிருக்கும் ரப்பர் படகில் கால் வைக்க வேண்டும். இரண்டு பேர் முன்கையைப் பிடித்துக்கொள்வார்கள். கரையில் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடியே திரும்பி, இரண்டு காலையும் வெளியே போட்டு, முழங்காலளவு தண்ணீரில் இறங்க வேண்டும். வீட்டில் உயரமான கட்டிலில் உட்காரவைத்து, காலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கிப்போட முடிகிறதா என்று பாருங்கள். எலும்பு டாக்டரிடம் "பயணம் போகலாமா?" என்று கேட்காதீர்கள், தாராளமாகப் போங்கள் என்பார். இந்த அசைவைச் செய்துகாட்டிக் கேளுங்கள். இன்னொன்று: பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து கரையில் தரையிலோ பனியிலோ உட்காரவும் மண்டியிடவும் விடுவதில்லை. கால் வலித்தால் அடுத்த படகில் கப்பலுக்குத் திரும்பலாம். இறங்காத நாளிலும் அதே ரப்பர் படகில் பனிப்பாறைகளுக்கு நடுவே சுற்றிக் காட்டுவார்கள். அதற்குத் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை.

காப்புறுதியில் உலகம் முழுவதும் என்று போட்டிருந்தால் போதாது, சில திட்டங்கள் அண்டார்டிகாவை விலக்கியிருக்கும். அவசர மருத்துவ வெளியேற்றம் அங்கே செல்லுமா, மாற்றிய முழங்காலுக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் எல்லாரும் "உண்டு சார்" என்பார்கள். பணம் கேட்கும்போது பதினாலாம் பக்கத்தைக் காட்டுவார்கள். இதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன்!

விமானச் சீட்டை அமெரிக்கா வழியாகப் போட்டால், இடையில் விமானம் மாறுவதற்கே மலேசியருக்கு விசா வேண்டும். உஷுவையாவுக்கு விமானம் மாறும் அர்ஜென்டினாத் தலைநகர் புவெனஸ் ஐரஸில் இரண்டு விமான நிலையங்கள் வேறு, ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறவேண்டி வரலாம். கப்பல் புறப்படும் நாளன்றே உஷுவையா போய்ச் சேர்வதாகச் சீட்டுப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த 2,000 வெள்ளி யார் கணக்குக்குப் போனது? நிறுவனத்தின் பெயரிலா, அவர் சொந்தப் பெயரிலா? நம் நாட்டில் வெளிநாட்டுச் சுற்றுலா விற்க 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிந்த தாளைக் காட்டி "லைசென்ஸ் இருக்கிறது" என்பார்கள். அந்தப் பதிவு தையல் கடைக்கும்தான் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு ஐந்து வெள்ளி கட்டிப் போகலாம், ஆனால் 50,000 வெள்ளி வரைதான் கேட்க முடியும். இரண்டு பேர் துருவப் பயணம் சுலபமாக அதைத் தாண்டிவிடும். அந்த வரம்பை வைத்தவர்கள் லங்காவிப் பயணத்தை நினைத்திருப்பார்கள் போலும். மேலே போனால் வக்கீல், வாய்தா.

அதனால் இதற்கு மேல் ஒரு காசும் கொடுக்காமல், இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: கப்பல் பெயர் என்ன, பயணிகள் எத்தனை பேர், கரையிறங்குவது உண்டா, உங்கள் உரிம எண் என்ன, முன்பணம் திரும்பக் கிடைக்குமா. குரல் பதிவாகப் பதில் வந்தால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.