வேறு மாடல் காரின் சீட்டை நம் காரில் பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் மெத்தையைவிட அடியில் இருக்கும் ரெயில்தான் முக்கியம். ரெயில் என்பது சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புத் தடம். பெரும்பாலும் 4 போல்ட்டுகளில் தரையோடு இறுகியிருக்கும். அந்தத் துளைகளின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வீட்டுக் கதவைக் கழற்றி வந்தால் நம் வீட்டு நிலைச்சட்டத்தில் கீல் சேராதே, அதுபோலத்தான்.

சேராதபோது பழைய ரெயிலின் மேல் புதுச் சீட்டை ஏற்றுவார்கள், அல்லது இடையில் கனமான இரும்புப் பிராக்கெட் வைப்பார்கள். மெல்லிய தகடு வேண்டவே வேண்டாம்: பல கார்களில் பெல்ட் மாட்டும் பக்கிள் சீட்டோடுதான் இருக்கிறது, மோதலில் உங்கள் எடையைவிடப் பல மடங்கு விசை அந்தப் போல்ட்டுகளில் விழும். உயரம் 2 செ.மீ. கூடினாலே தலை கூரையை நெருங்கும். முதலில் அளந்து பாருங்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, 10 நிமிடம் விட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

ஏர்பேக் இல்லாத சீட்டை மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த ஒயரில் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடையைப் போட்டு விளக்கை அணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். விளக்குதான் அணைகிறது, பக்கவாட்டு ஏர்பேக் விரியாது.