ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஓவிய வகுப்பை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். சரிதானே? சுவர் இருந்தால்தானே சித்திரம்?

பதில்: சரியில்லை. ஓவிய வகுப்பை அழகாக வரையப் பழகும் நேரம் என்று நினைப்பதால் வரும் வினை இது. அது பார்க்கப் பழகும் நேரம்.

1609 ஜூலையில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து வரைந்தார். தேர்ந்த கணித அறிஞர். ஆனால் தாளில் வந்தது கோணல்மாணலாக ஒரு கோடும் சில திட்டுகளும்தான். அந்த ஆண்டுக் கடைசியில் கலிலியோ பார்த்தார். அவருடைய கருவி கூடுதலாகப் பெரிதாக்கிக் காட்டியது உண்மை; கூடவே, ஒளியும் நிழலும் வரையப் பழகிய கண்ணும் அவருக்கு இருந்தது. இருண்ட பக்கத்தில் தனியே மினுங்கிய புள்ளிகள், அடிவாரம் இருட்டில் கிடக்க உச்சியில் மட்டும் வெயில் பட்ட மலைகள் என்று கண்டுகொண்டார். சில புள்ளிகள் ஒளியின் எல்லையிலிருந்து நிலவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் மேல் தள்ளி இருந்தன. அந்த அளவைப் பிதாகரஸ் தேற்றத்தில் போட்டு மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். 1610இல் அவர் நூல் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலவிலும் பள்ளங்கள் தெரிந்தன. கணக்குக்கு வேண்டிய எண்ணையே கண்தான் எடுத்துக் கொடுத்தது, ஐயா!

யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்தி, கண்ணில் படுவதை மட்டும் சொல்லப் பழக்கினார்கள். பிறகு நோயாளிகளின் படங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு இது.

கரும்பலகைப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லும் வகுப்பில் இது நடக்காது. இலை என்றதும் பிள்ளையின் கை மனத்தில் இருக்கும் இலையைத்தான் போடும். ஆளுக்கொரு காய்ந்த இலை, 2பி பென்சில், பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு, 20 நிமிடம் போதும். விளக்குகள் பல எரிந்தால் நிழல் கலைந்துவிடும். முதல் 5 நிமிடம் தாளைப் பார்க்கவே கூடாது. கண் இலையின் விளிம்பில் நகர, கை கூடவே நகரட்டும். கோடு தாறுமாறாகத்தான் வரும், வரட்டும். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்று சாயை மட்டும். அழிப்பான் வேண்டாம்: பழைய கோடு பக்கத்தில் இருந்தால்தான் எவ்வளவு தவறினோம் என்று தெரியும்.

அழகுக்கு மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் தெரிந்த வடிவத்துக்கே ஓடிவிடுவார்கள். பதிலாக ஒன்று கேளுங்கள்: கிளை நரம்புகள் நடு நரம்பிலிருந்து நேருக்கு நேர் பிரிகின்றனவா, மாறி மாறியா? பதில் தெரியாத பிள்ளை தாளை விட்டு மறுபடி இலையைப் பார்க்கட்டும்.