டிரெய்லர் அச்சு நடுவில் வேண்டாம்

காருக்குப் பின்னால் இழுத்துப்போக நீங்களே கட்டும் முகாம் டிரெய்லரில், சக்கர அச்சை நட்டநடுவில் வைத்து, பின்பக்க அடுப்படியில் பேட்டரியையும் 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பின்பாரம் கூடினால், ஜொகூர் தாண்டி நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். காரையும் சேர்த்து அலைக்கழிக்கும்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, அதைக் காருடன் இணைக்கும் முன்பக்கக் கொக்கியில் இறங்க வேண்டும். 400 கிலோ டிரெய்லருக்கு 40 முதல் 60 கிலோ. வண்டியை மட்டமாக நிறுத்தி, கொக்கி முனையை வீட்டில் எடை பார்க்கும் தராசில் தாங்க வைத்தால் தெரிந்துவிடும். தொட்டியை அச்சுக்கு நேர்மேலே வையுங்கள், தண்ணீர் தீர்ந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. பேட்டரி முன்னால் போகட்டும். சாமான் எல்லாம் ஏற்றிப் பார்க்கும்வரை அச்சை வெல்டிங் செய்யாமல் போல்ட்டில் நிறுத்துங்கள்.

அப்புறம், பதிவு செய்யாத டிரெய்லரை இங்கே சிங்கப்பூரில் சாலையில் இறக்க முடியாது. டிரெய்லர் கட்டப் பலகை வாங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.