சோதனைப் பறப்பில் ஆபத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்? எல்லாம் பைலட்டின் தைரியம்தானா?

கோவையில் ஏரோநாட்டிகல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சான்றிதழ் வாங்குவதற்காக விமானத்தை வேண்டுமென்றே ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) ஆக விடுகிறார்கள், பறக்கும்போதே என்ஜினை நிறுத்துகிறார்கள். இவ்வளவு ஆபத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்? டெஸ்ட் பைலட்டின் தைரியம் ஒன்றுதான் துணையா? இந்த வேலைக்கு வர வேண்டும் என்றால் நான் எதைப் படிக்க வேண்டும்?"

தைரியம் வேண்டும்தான் தம்பி. ஆனால் பைலட் தைரியத்தைக் காட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு சோதனை வந்து நின்றால், பெரும்பாலும் அதற்கு முன்பே தரையில் யாரோ செய்ய வேண்டிய வேலை விட்டுப் போயிருக்கும். எனக்கு ஊர் பல்லடம் பக்கம். பெங்களூரில் டெலிமெட்ரி அறையில், அதாவது பறக்கிற விமானத்திலிருந்து வரும் அளவுகளைத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் அறையில், பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்தத் திரைக்கு முன்னால் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இந்த ஆபத்தை எதற்கு விலைக்கு வாங்க வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். பீளமேட்டில் கிளம்புகிற விமானம் பாதி ஓடுபாதையில் இருக்கும்போது ஒரு என்ஜின் நின்றால், எந்த வேகம் வரை பிரேக் போடலாம், அதற்கு மேல் போய்விட்டால் எந்த வேகத்தில் தூக்க வேண்டும் என்று பைலட்டிடம் எண்கள் இருக்கின்றன. கணக்கு மட்டும் போட்டு அவற்றைக் கொடுத்துவிட முடியாது. யாரோ அந்த நிலையில் ஓட்டியும் பறந்தும் காட்டியிருக்க வேண்டும். பிரேக் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மான எல்லை வரை தேய்ந்த பிரேக்கை மாட்டி, முழு எடை ஏற்றி, வேகமெடுத்து, ஒரே மிதியில் நிறுத்துவார்கள். பிரேக் பழுத்துச் சிவந்துவிடும். சக்கரத்தில் இருக்கும் உருகும் அடைப்பான்கள் இளகி, டயரில் காற்று இறங்கும். தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நின்றாலும் 5 நிமிடத்துக்குக் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் நிஜமாக நடக்கும்போது வண்டி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகலாம். அந்த 5 நிமிடத்தில் உள்ளே இருக்கும் பயணி பத்திரமாக இருப்பாரா என்பதுதான் சோதனை.

சரி, கட்டுப்படுத்தும் முறைக்கு வருவோம்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் ஆபத்துத் தாள் உண்டு. என்ன தவறலாம், எதனால், தவறினால் என்ன ஆகும், தவறாமல் இருக்க என்ன செய்திருக்கிறோம், அப்படியும் தவறினால் என்ன செய்வோம் என்று எழுதி, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரம் போடுவார்கள். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 4040.26 என்ற உத்தரவில் வைத்திருப்பது இந்த முறைதான். தரம் ஏற ஏற, கையெழுத்துப் போடுகிறவரின் பதவியும் ஏறும். ஐரோப்பாவில் சோதனைப் பறப்பை 4 வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு என்ன பயிற்சி பெற்ற பைலட் வேண்டும் என்பதையே விதியாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தாள் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 'பைலட் எச்சரிக்கையாக இருப்பார்' என்று எழுதிய தாளை நான் பார்த்திருக்கிறேன். அது வெற்றுத் தாளுக்குச் சமம். ஸ்டால் சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்: வேகத்தை நொடிக்கு 1 நாட் (knot, மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) அளவுக்கு மேல் குறைக்கக் கூடாது, இன்ன உயரத்துக்குக் கீழே தொடங்கக் கூடாது, இன்ன உயரத்துக்குள் மீளவில்லை என்றால் வாலை இழுத்து மூக்கை இறக்கும் வால் பாராசூட்டை விரிக்க வேண்டும், அதற்கும் கீழே போனால் குதித்துவிட வேண்டும். எல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். வானத்தில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது, அதனால் முடிவைத் தரையிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அந்த வால் பாராசூட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1963 அக்டோபரில் இங்கிலாந்தில் பி.ஏ.சி. ஒன்-லெவன் என்ற பயணிகள் விமானம் ஸ்டால் சோதனையில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். அதில் கிடைமட்ட வால், செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும். மூக்கு அதிகமாகத் தூக்கிக்கொண்டதும் இறக்கையின் கலங்கிய காற்று வாலை மூடிவிட்டது, மூக்கை இறக்க வழியில்லாமல் போயிற்று. அதற்கப்புறம் இப்படிப்பட்ட சோதனைகளில் வாலில் பாராசூட் கட்டும் வழக்கம் பரவியது. 1980 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மொஹாவியில் கனடேர் சேலஞ்சர் என்ற ஜெட் விமானத்தின் ஸ்டால் சோதனையின்போது பாராசூட்டை விரித்தார்கள். அது விமானத்தை மீட்டது, ஆனால் கழற்றிவிட முடியவில்லை. இருவர் குதித்துப் பிழைத்தார்கள், பைலட் இறந்தார். பாதுகாப்புக்கென்று நாம் சேர்க்கிற பொருளுக்கும் ஓர் ஆபத்துத் தாள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விமானத்தில் யார் யார் இருக்கலாம் என்பதும் அந்தத் தாளில் வரும். 1994 ஜூன் 30 அன்று துலூஸில் ஏர்பஸ் ஏ330, கிளம்பியவுடன் ஒரு என்ஜின் போனதாக வைத்துத் தானியங்கி பைலட்டைச் சோதித்தபோது விழுந்தது. இறந்த 7 பேரில் சோதனைக்கு அவசியமே இல்லாத விருந்தினர்களும் இருந்தார்கள். ஆபத்தான சோதனைக்கு ஆள் குறையக் குறைய நல்லது. சும்மா கூட வருகிறேன் என்று கேட்பவரின் பதவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது படிப்படியாக ஏறுவது. இறக்கை அதிர்வுச் சோதனையில், ஃப்ளட்டர் என்று படித்திருப்பீர்கள், ஒரேயடியாக உச்ச வேகத்துக்குப் போக மாட்டார்கள். ஒரு வேகத்தில் நிலையாகப் பறந்து, இறக்கையைத் தட்டிவிட்டு, அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்ப்போம். அடங்கும் வேகம் முன் படியோடு ஒத்துப்போனால்தான் அடுத்த படிக்கு அனுமதி. அந்த அனுமதி பைலட் கையில் இல்லை, கீழே திரையைப் பார்க்கிறவர் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எங்கள் அறைக்குக் கோபிசெட்டிபாளையத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். கெட்டிக்காரன். ஒரு நாள் திரையில் ஒரு கோடு அவனுக்கு உறுத்தியிருக்கிறது. "சார், இன்னொருக்கா பாத்துக்கலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். பெரியவர்கள் முன்னால் அப்படித்தானே பேசிப் பழகியிருக்கிறோம். சோதனை இயக்குநர் உடனே அபார்ட் (சோதனையைக் கைவிடு) சொல்லி விமானத்தைத் திருப்பிக் கூப்பிட்டார். அப்புறம் அவனை உட்கார வைத்து, "சந்தேகம் வந்தா என்கிட்ட அனுமதி கேக்காத கண்ணு. அபார்ட்னு சத்தமாச் சொல்லு. தப்பா இருந்தா நாளைக்கு மறுபடி பறந்துக்கலாம்" என்றார். கோடு உறுத்தியதற்குக் காரணம் ஓர் உணரி சரியாக ஒட்டாததுதான். ஆனாலும் எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் தயங்கியதில்லை. அபார்ட் சொன்னவனை ஒரே ஒரு முறை முறைத்திருந்தால் போதும், அடுத்த தடவை யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். சோதனையில் எதிர்பாராதது ஒன்று நடந்து, விமானம் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டால், அதுதான் பெரிய ஆபத்து. நம்ம பக்கம் கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைக்கும்போது மேட்டில் நின்று சத்தத்தை எண்ணுவார்கள். எட்டுக் குழிக்கு ஏழு சத்தம்தான் கேட்டது என்றால் ஒருத்தரும் கிணற்றில் இறங்க மாட்டார்கள், அந்த எட்டாவது என்ன ஆயிற்று என்று தெரியும் வரை. சோதனைப் பறப்பில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில்தான் பிணம் விழுந்திருக்கிறது.

2011 ஏப்ரல் 2, அமெரிக்காவின் ராஸ்வெல். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 என்ற ஜெட் விமானம், ஒரு என்ஜினில் கிளம்பும் சோதனை. தரையை ஒட்டி இருக்கும்போது இறக்கை எந்தக் கோணத்தில் ஸ்டால் ஆகும் என்று போட்ட கணக்கு, உண்மையைவிட அதிகமாக இருந்தது. அதனால் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஸ்டால் வந்துவிட்டது. வலது இறக்கை ஓடுபாதையில் உரசி, விமானம் தீப்பிடித்து, 2 பைலட்டுகளும் 2 சோதனைப் பொறியாளர்களும் இறந்தார்கள்.

இதில் என் மனதை உறுத்துவது அந்த நாள் அல்ல. அதற்கு முன்பே இரண்டு பறப்புகளில் கிளம்பும்போது இறக்கை தானாகச் சாய்ந்திருக்கிறது. இன்னொன்று, கணக்குப் போட்டு வைத்த வேகத்துக்குள் நிற்காமல் விமானம் திரும்பத் திரும்ப அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்த எண்ணே தவறோ என்று உட்கார்ந்து தோண்டாமல், மூக்கை எப்படித் தூக்கினால் அந்த எண்ணுக்குள் வரும் என்று முறையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி.யின் விசாரணையும் இதைத்தான் குறை சொன்னது: வேகங்களைச் சரிபார்க்கவில்லை, முந்தைய நிகழ்வுகளை ஆராயவில்லை, கால அட்டவணை நெருக்கடி இருந்தது.

தொலைதூரத்துக் கதை என்று விட்டுவிட வேண்டாம். 2009 மார்ச் 6 அன்று பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி அருகே நம் நாட்டிலேயே வடிவமைத்த சரஸ் என்ற சிறு பயணிகள் விமானத்தின் இரண்டாவது முன்மாதிரி விழுந்தது. ஒரு என்ஜினை நிறுத்தி வானத்திலேயே மறுபடி எரியவைக்கும் சோதனை. விமானப்படை பைலட்டுகள் இருவரும் சோதனைப் பொறியாளர் ஒருவரும் இறந்தார்கள். எரியவைக்கும் முறையே தவறாக வகுக்கப்பட்டிருந்தது, உயரமும் போதவில்லை என்று இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அறிக்கை சொன்னது. புரொபெல்லர் தயாரித்தவர்களைக் கேட்காமலே முறையை எழுதியதையும், முதல் முயற்சி தோற்றபோதே சோதனையைக் கைவிடாததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. அந்த முதல் தோல்வியிலேயே திரும்பியிருக்கலாம். இத்தனை வருடம் ஆகியும் இதை எழுதும்போது மனசு கனக்கிறது. திறமைசாலியான மூன்று பேர், எல்லாருமே இன்னும் பல வருடம் பறந்திருக்க வேண்டியவர்கள்.

பைலட்டின் தைரியத்தை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். சூலூரில் தேஜாஸ் போர் விமானங்கள் இருப்பதால் விமானப்படை பைலட் வருண் சிங் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020 அக்டோபர் 12 அன்று, பெரிய பழுது சரிசெய்த ஒரு தேஜாஸைச் சோதித்துப் பார்க்கத் தனியாக ஏறினார். அது சான்றிதழ் சோதனை இல்லை, பராமரிப்புக்குப் பிந்தைய சோதனை. உயரத்தில் காக்பிட் காற்றழுத்தம் போயிற்று. இறங்கும்போது கட்டுப்பாட்டு அமைப்பும் பழுதாகி விமானம் கைமீறியது, மீட்டார், மறுபடியும் கைமீறியது. குதித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் விமானத்தோடு இறங்கினார். அதற்காக சௌரிய சக்ரா கிடைத்தது. அடுத்த வருடம் டிசம்பரில் குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து இறந்தார். அப்படி யாருமே முன்கூட்டி எழுதி வைக்க முடியாத பழுது ஒன்று வரும்போது, பைலட் கையில்தான் எல்லாம் இருக்கிறது. முன்கூட்டி எழுதி வைக்கக்கூடிய பழுதுகளையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

கடைசிக் கேள்வி, என்ன படிப்பது. ஸ்டெபிலிட்டி அண்ட் கண்ட்ரோல் பாடத்தைத் தேர்வுக்காக இல்லாமல் ஆழமாகப் படியுங்கள். அதிர்வு, புள்ளியியல், அளவுகளில் வரும் பிழையைக் கணக்கிடுவது, இந்த மூன்றும் கைவசம் இருக்கட்டும். விமானப்படையின் டெஸ்ட் பைலட் பள்ளி பெங்களூரில் இருக்கிறது. அங்கே பைலட்டுகளோடு சேர்த்து சோதனைப் பொறியாளர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். ராஸ்வெல் அறிக்கையையும் சரஸ் அறிக்கையையும் முழுசாகப் படியுங்கள், முடிவுரையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அப்புறம் உங்கள் கல்லூரிப் புராஜெக்ட்டில் ட்ரோன் பறக்கவிடும்போது, கிளம்புவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்த எண்ணைத் தாண்டினால் நிறுத்துவோம், யார் அபார்ட் சொல்வார், பறக்கவிடுகிறவர் அதைக் கேட்ட நொடியே என்ன செய்வார். எழுதிய தாளை இங்கே பின்னூட்டத்தில் போட்டால் நானே பார்த்துச் சொல்கிறேன்.