வாசகர் கேள்வி பதில்: மின்சார வாகனங்களை மின்கட்டமைப்பு தாங்குமா?

கேள்வி: எல்லோரும் மின்சாரக் காருக்கு மாறிவிட்டால் மின்கட்டமைப்பு நிலைகுலைந்துவிடாதா?

பதில்: அந்த அச்சம் சற்று மிகையானது. 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 முதல் 20 யூனிட் போதும் என்பதால், அன்றாடம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6 முதல் 8 யூனிட்டே தேவைப்படும். வாகனங்கள் படிப்படியாகவே பெருகுவதால், உற்பத்தியைக் கூட்டிக்கொள்ள அவகாசமும் உண்டு.

என் கவலையெல்லாம் தெருமுனை மின்மாற்றியைப் பற்றியது. வீட்டில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜர், ஒரு வீட்டின் சராசரி மின்சுமையைப் போலப் பல மடங்கை ஒரே நேரத்தில் இழுக்கும். விளக்கும் குளிர்சாதனமும் ஓடிக்கொண்டிருக்கும் மாலை வேளையில், ஒரே தெருவில் பத்துப் பேர் வீடு திரும்பியதும் இணைப்பைச் செருகினால், மின்நிலையத்தில் உற்பத்தி மிச்சம் இருந்தாலும் அந்த மின்மாற்றி சூடேறித் திணறும். எனவே, மின்தேவை குறைந்த நள்ளிரவுக்கோ சூரிய மின்சாரம் மிகும் நண்பகலுக்கோ சார்ஜ் செய்வதைத் தள்ளிவைக்கும்படி, நேரத்துக்கேற்ற கட்டணம் விதிக்கிறார்கள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: சலுகை தொடங்கும் அதே நொடியில் எல்லாச் சார்ஜர்களும் விழித்துக்கொண்டால் புதியதோர் உச்சச்சுமை உருவாகும். பிரிட்டனில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், புதிய வீட்டுச் சார்ஜர்கள் ஒவ்வொன்றும் 10 நிமிடம் வரை வெவ்வேறு அளவில் தாமதித்துத் தொடங்கும் வசதியைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான்.

காரிலிருந்து கட்டமைப்புக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் நுட்பமும் இருக்கிறது. ஆனால், அதற்கு இருதிசைச் சார்ஜரும், அதை ஏற்கும் வாகனமும் தேவை.