வாஃபிளும் ஈஸ்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் வசிக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்கு வீட்டிலேயே வாஃபிள் செய்கிறேன். கடையில் கிடைக்கும் மாவுக்கலவையில் பாலும் முட்டையும் சேர்த்து, கட்டம் போட்ட வாஃபிள் மெஷினில் உடனே ஊற்றிவிடுவேன். எல்லோரும் சேர்ந்து சாப்பிடட்டும் என்று சுட்டதைத் தட்டில் அடுக்கி மூடி வைத்தால், பரிமாறும்போது எல்லாம் துவண்டு கிடக்கின்றன. எந்த மெஷின் வாங்கினால் மொறுமொறுப்பாக வரும்? மைதா கெடுதல் என்கிறார்களே, கோதுமை மாவில் செய்யலாமா? மிஞ்சியதை என்ன செய்வது?

மாலதி

அன்புள்ள மாலதி,

மெஷின் இப்போது இருப்பதே போதும், நன்றாகச் சூடேறினால் சரி. வாரத்தில் ஒரு நாள் உண்ணும் மைதாவுக்காக இத்தனை கவலை வேண்டாம். மனம் கேட்காவிட்டால் கால் பங்கு கோதுமை மாவு கலந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘உடனே ஊற்றிவிடுவேன்’ என்ற வரி. மாவு பொங்குவதற்கான நேரத்தை நாம் ஏன் கொடுக்க மறுக்கிறோம் என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மாவுக்கலவையை உடனே பொங்கவைக்கும் பேக்கிங் பவுடரைவிட வாஃபிள் பல நூற்றாண்டுகள் மூத்தது. 1559இல் ஐரோப்பிய ஓவியர் புரூகல் வரைந்த திருவிழா ஓவியத்திலேயே, தெருக்கூட்டத்தின் நடுவே கட்டம் கட்டமான வாஃபிள்களைப் பார்க்கலாம். பேக்கிங் பவுடரோ 1843இல்தான் வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவியும் ரொட்டி உண்ண வேண்டும் என்பதற்காக அதை உருவாக்கினார். அந்தப் பிரியத்தை நான் வணங்குகிறேன். ஆனால் ஈஸ்ட் ஒத்துக்கொள்கிற நாம் எதற்காக அதைக் கைவிட்டோம்? பேக்கிங் பவுடர் மாவுக்குள் காற்றை நிரப்புவதோடு சரி. ஈஸ்டோ இரவெல்லாம் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காற்றோடு சேர்த்து மணத்தையும் இலேசான புளிப்பையும் உண்டாக்குகிறது. இட்லிக்கு முதல் நாளே அரைத்து வைக்கும் நம் கைகள், வாஃபிள் என்றதும் டப்பாவைத் தேடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

வெள்ளிக்கிழமை இரவு அரை கப் வெதுவெதுப்பான நீரில் இரண்டேகால் தேக்கரண்டி உலர் ஈஸ்டைக் கரையுங்கள். அதில் இரண்டு கப் வெதுவெதுப்பான பால், அரை கப் உருக்கிய வெண்ணெய், உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு தேக்கரண்டி, இரண்டு கப் மைதா ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து, பெரிய பாத்திரத்தில் மூடி வெளியிலேயே வையுங்கள். சிறிய பாத்திரமென்றால் விடிவதற்குள் வழிந்துவிடும். காலையில் இரண்டு முட்டையும் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் சேர்த்தால் போதும். மாவு நீர்த்துத்தான் இருக்கும், பயந்துபோய் மைதாவைக் கூட்டாதீர்கள்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய மாமியார் ஒரு ஞாயிறு காலையில் வாஃபிள் சுட்டார். விளிம்பு வழியாகச் சீறும் ஆவி மெலியும்வரை அவர் மூடியைத் தொடவே இல்லை. வெந்ததை முள்கரண்டியால் நெம்பி எடுத்து, தட்டில் படுக்கவைக்காமல், கம்பிவலையின்மேல் இரண்டிரண்டாக ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தினார். பெரும்பாலும் அதற்கும் அவசியம் நேரவில்லை. எடுத்தது எடுத்தபடி அருகில் இருந்தவரின் தட்டுக்குப் போனது. அடுத்தது தனக்கு என்று பேரன் மேசையில் முழங்கையை ஊன்றி நின்றான். அவர் கடைசியாக உண்டபோதும் யாரும் எழுந்து போகவில்லை.

நீங்களோ அடுக்கி, அதற்குமேல் மூடியும் வைக்கிறீர்கள்! ஒன்றின் ஆவி அடுத்ததை நனைக்கிறது. மூடியபின் அந்த ஆவி எங்கே போகும்? எந்த விலைக்கு மெஷின் வாங்கினாலும் இது மாறாது. எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்ற உங்கள் ஆசை மிக நல்ல ஆசை, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்காக வாஃபிளைக் காக்கவைக்காமல், மெஷினைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய், மாவு ஊற்றும் கரண்டியைக் குழந்தைகளிடம் கொடுங்கள். அவர்கள் தங்கள் முறைக்காக அங்கேயே நிற்பார்கள்.

மிஞ்சியதை முழுவதும் ஆறவிட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது டோஸ்டரில் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், மறுபடியும் துவண்டுவிடும்.

அன்புடன்.