அந்தக் குறுஞ்செய்தியும் அந்த எடைச்சீட்டும்

கேள்வி: டெக்சஸில் பிளேனோ பக்கம் குடியிருக்கிறோம். மார்ச் மாதம் ஒரு டீலரிடம் 18,900 டாலருக்கு, பிக்கப்பின் பின்தொட்டியில் ஏற்றி வைக்கும் கேம்பர் வாங்கினேன். என்னுடையது அரை டன் ரகம், அதாவது பெரிய பிக்கப்களில் எடை குறைவாகத் தாங்கும் வகை. "தாராளமாகத் தாங்கும்" என்றார் விற்பனையாளர். ஏப்ரலில் முதல் பயணத்திலேயே வண்டி பின்பக்கம் தாழ்ந்து, வளைவுகளில் ஆடியது. மச்சான் சொன்னதால் ட்ரக் ஸ்டாப்பில் எடை போட்டேன். வரம்பை மீறியிருந்தது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் மாட்டிக்கொண்டு ஜூனில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். வழியில் பின் டயர் வெடித்தது. யாருக்கும் காயமில்லை, ஆனால் என் மனைவி இன்றும் நெடுஞ்சாலையில் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறாள். கேட்கப் போனால் மேனேஜர் என் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்கிறார். 13,500 டாலர் தருகிறேன், கேம்பரைக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார். முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்:

நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். மேனேஜரின் கேலிக்கே ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவர் பேசியது தவறுதான், ஆனால் அதற்கு இந்த வழக்கில் ஒரு டாலர்கூடத் தேறாது. நான் தேடியது மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் வந்துபோகிறது. வாங்குவதற்கு முந்தின நாள் விற்பனையாளர் உங்கள் போனுக்கு அனுப்பிய செய்தி: "உங்கள் கதவு ஸ்டிக்கரில் 1,560 பவுண்டு. இந்தக் கேம்பர் 1,540. சரியாகப் பொருந்தும்." வழக்கு என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

"தாராளமாகத் தாங்கும்" என்பது விற்பவன் வாய்ச்சொல். எல்லா விற்பனையாளரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளிவிடுவார். குறுஞ்செய்தியை அப்படித் தள்ள முடியாது. அதில் உங்கள் வண்டி இருக்கிறது, எண் இருக்கிறது, பொருந்தும் என்ற முடிவும் இருக்கிறது. ஒரு பொருளுக்கு இல்லாத பயன் இருப்பதாகச் சொல்லி விற்பதை டெக்சஸ் நுகர்வோர் சட்டமான டி.டி.பி.ஏ. பெயர் சொல்லியே தடுக்கிறது.

அந்த எண்கள் ஏன் பொய்யாகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 போன்ற அரை டன் வண்டிகளை வாங்குபவர்கள் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கதவோர மஞ்சள் ஸ்டிக்கரில் இருக்கும் 1,560 பவுண்டு சரக்குக்கு மட்டுமானதல்ல, ஆட்களும் அதற்குள் அடக்கம். நீங்கள் நால்வரும் சேர்ந்து 520 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக மிஞ்சுவது 1,040. விளம்பரத் தாளில் இருந்த 1,540 வெறும் கேம்பரின் எடை, தண்ணீரும் கேஸும் இல்லாமல். கேம்பரின் மீதே ஒட்டியிருக்கும் லேபிளின் படத்தை அனுப்பியிருக்கிறீர்களே, அதில் 24 கேலன் தண்ணீரும் கேஸும் சேர்த்து 1,890 என்று இருக்கிறது. தண்ணீர் மட்டுமே 200 பவுண்டு. இந்த லேபிள் 49 சி.எஃப்.ஆர். 575.103 என்ற மத்திய விதிப்படி ஒட்ட வேண்டியது. டீலர் கடையில் நின்ற கேம்பரில் அது கண்ணெதிரே இருந்தது. ஏ.சி., கூடுதல் பேட்டரி, துணிமணி, சமையல் சாமான் எல்லாவற்றுக்கும் 250 பவுண்டு வைத்தாலும் மொத்தம் 2,660. அனுமதித்ததைவிட 1,100 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோ அதிகம். உங்கள் வண்டியில் இந்தக் கேம்பரைப் பாதுகாப்பாக ஏற்ற முடியாது. அதில் வாதத்துக்கே இடமில்லை.

இன்றைக்கே வண்டியின் கையேட்டையும் புரட்டிப் பாருங்கள். எந்த வண்டியில் கேம்பர் ஏற்றக் கூடாது என்று தயாரிப்பாளர் கருதுகிறாரோ, அதில் அப்படி எழுதியே ஆக வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. உங்கள் கையேட்டில் அந்த வரி இருந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள். விற்பனையாளர் சொன்னது பொய் என்பதற்கு அது சாட்சி. கையேடு உங்கள் டேஷ்போர்டுக்குள்ளேயே கிடந்தது என்பதற்கும் அதுவே சாட்சி.

இனி உங்களுக்கு எதிரானவை. விற்பனைப் படிவத்தில் "உள்ளபடியே வாங்குகிறேன்", "வண்டிக்கு எடை பொருந்துமா எனப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு" என்ற இரண்டு வரிகளுக்கும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். "உள்ளபடியே" என்று வாங்கியவர், நஷ்டத்துக்குக் காரணம் விற்றவர்தான் என்று சொல்வதையே அந்த வரி அடைத்துவிடலாம் என்பது 1995-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த வரி நிற்காது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதனால்தான் குறுஞ்செய்தி, குறுஞ்செய்தி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆனால் எனக்குக் கவலை தருவது படிவம் அல்ல. ஏப்ரல் மாத எடைச்சீட்டு.

உங்கள் கடிதத்தில் எல்லாம் ஒரே நஷ்டமாகக் கலந்து கிடக்கிறது. சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு. மார்ச்சில் பொருந்தாத பொருளை விற்றார்கள், அது ஒன்று. ஜூனில் டயர் வெடித்தது, வண்டியின் பக்கத் தகடு நசுங்கியது, குடும்பம் நடுங்கியது, அது இன்னொன்று. எடைச்சீட்டு முதலாவதை நிரூபிக்கும், இரண்டாவதைக் கொன்றுவிடும். வாக்குமூலத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை அதிகம் கேட்க மாட்டார். "ஏப்ரலிலேயே எடை அதிகம் என்று தெரியும், அல்லவா? தெரிந்தும் ஜூனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள், அல்லவா?" இரண்டுக்கும் நீங்கள் ஆமாம் என்றுதான் சொல்ல முடியும். டெக்சஸில் உங்கள் பங்குத் தவறு ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று ஜூரி சொன்னால் அந்த நஷ்டத்துக்குக் கைக்கு எதுவும் வராது. மனைவியின் பயம் உண்மையானது, நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கான நஷ்டஈடு அந்த ஜூன் பயணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

"அதற்குத்தான் ஏர் பேக் மாட்டினேனே" என்பீர்கள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லாத கேம்பர்க்காரர் இல்லை. ஏர் பேக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். தயாரிப்பாளர் நிர்ணயித்த மொத்த எடை வரம்பும் அச்சின் வரம்பும் ஒரு பவுண்டுகூட ஏறாது. கனமான டயர் போட்டாலும் அப்படியே. வண்டி மட்டமாக நிற்பதால் தாங்குகிறது என்று தோன்றும், அதுதான் ஆபத்து. வழக்கிலோ இன்னும் மோசம்: ஏர் பேக் ரசீது, பிரச்சினை உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கான இரண்டாவது ஆவணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த டயர் வெடித்தபோது பக்கத்து லேனில் வேறொரு குடும்பம் போயிருந்தால்? அப்போது பிரதிவாதி நீங்கள். ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் ஓட்டினார் என்று நிரூபித்தால் அது கடும் கவனக்குறைவு, அதற்குத் தண்டனை நஷ்டஈடும் உண்டு. டெக்சஸின் குறைந்தபட்சக் காப்பீட்டோடு ஓட்டுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒருவருக்கான காயத்துக்கு 30,000 டாலரோடு அது முடிந்துவிடும், மிச்சம் உங்கள் தலையில்.

பணக் கணக்குக்கு வருவோம். விற்றபோது கேம்பரில் குறை எதுவும் இல்லை. அதிக எடை தாங்கும் ஒரு டன் ரக வண்டி வைத்திருப்பவருக்கு அது நல்ல கேம்பர். எனவே உங்கள் நஷ்டம் 18,900 அல்ல. கொடுத்த விலைக்கும் அதன் சந்தை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். நீங்களே விசாரித்ததில் 15,000 சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 3,900 டாலர். முழுப் பணத்தையும் திருப்பச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கேம்பரை நீங்களும் திருப்பித் தர வேண்டும், அதன் மதிப்பு குறைந்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். உங்களுடையதன் கீழ் மூலையை டயர் துண்டுகள் கிழித்துவிட்டன.

வழக்குக்கு அறுபது நாள் முன் டீலருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், சிறிய வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரைதான் கேட்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. பலருக்குத் தெரியாதது, அந்த அறுபது நாளுக்குள் டீலர் முறைப்படி எழுத்தில் ஒரு தொகை தர முன்வந்து, நீங்கள் மறுத்து, கடைசியில் ஜூரி கொடுப்பது அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், அதற்கு மேல் உங்களுக்கு நஷ்டஈடாக எதுவும் கிடைக்காது. தெரிந்தே ஏமாற்றினால் மும்மடங்கு வரை நஷ்டஈடு என்ற பேச்சும் அங்கேயே முடிந்தது. மும்மடங்கை நம்பி நல்ல தொகையை மறுத்துவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து அதைவிடக் குறைவாக வாங்கிப்போன கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ராஜிக்குப் போங்கள். 15,500 கேளுங்கள். குறுஞ்செய்தியின் படத்தையும் கேம்பர் லேபிளின் படத்தையும் இணைத்து ஒரே பக்கக் கடிதம். கேலி, மனைவி, பிக் பெண்ட் எதுவும் அதில் வேண்டாம். 14,500 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 13,500-க்கு மேல் அசையாவிட்டாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வேன். வழக்கில் ஒரு எடை நிபுணரை அமர்த்தினாலே இந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் ராஜிப் பத்திரத்தை எனக்கோ வேறு வக்கீலுக்கோ காட்டுங்கள். "இந்தக் கேம்பரால் மூன்றாம் நபர் தொடுக்கும் எந்த வழக்கிலும் டீலரின் செலவை வாங்கியவர் ஏற்பார்" என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும். அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டீலர் நாளை அதை இன்னொரு அரை டன் வண்டிக்காரருக்கு விற்றால் அந்தப் பொறுப்பும் உங்களைத் தேடி வரும். கடன் பாக்கி இருந்தால் பணம் நேராகக் கடன் கொடுத்தவருக்குப் போக வேண்டும் என்றும் எழுத வையுங்கள்.

ராஜி முடியும்வரை கேம்பரை வெளியாருக்கு விற்காதீர்கள். சாட்சியமும் போகும், வாங்குபவரின் வண்டி என்ன என்று கேட்காமல் விற்றால் நீங்களே அந்த விற்பனையாளர் ஆகிவிடுவீர்கள். வெடித்த டயரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மச்சானோடு வாட்ஸ்அப்பில் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். பேசியதை அழிக்கவும் கூடாது. டீலரிடம் திருப்பிக் கொடுக்கக்கூட உங்கள் வண்டியில் ஏற்றிப் போகாதீர்கள். நாளைக்கே கேம்பரை ஜாக்கில் இறக்கி வையுங்கள், எடுத்துப் போவது அவர்கள் பொறுப்பு என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.